பல்லாவரம் லாட்ஜில் ஒரு கனடா

சென்னையில் பெயின்ட் அடித்து முடித்த வீடு என்று ஒன்று கிடையாது. நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்ட உண்மை இது. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் நான் கூட்டிக்கொண்டு போய்ச் சென்னை லாட்ஜுகளில் இறக்கிய பெரியவர்களில் பாதிப் பேருக்கு அதே ஊரில் மகனோ மகளோ இருந்தார்கள். அப்புறம் எதற்கு லாட்ஜ் என்று நான் கேட்க மாட்டேன். அவர்களாகவே சொல்வார்கள். "பையன் வீட்ல பெயின்ட் அடிக்காக தம்பி. அந்த வாடை எனக்கு ஒத்துக்கிடாது." கண் ஆபரேஷனுக்கு வந்தவருக்கும் பெயின்ட், கல்யாணத்துக்கு வந்தவருக்கும் பெயின்ட். ஒரு வாத்தியாருக்கு நான் மூன்று தடவை ரூம் எடுத்துக் கொடுத்தேன். மூன்று தடவையும் பெயின்ட்தான். அந்த வீட்டுச் சுவர் இதற்குள் அரையடி தடித்திருக்கும்.

என் பெயர் மைதீன். டாக்ஸி ஸ்டாண்டில் கிளீனராகச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, மில் முதலாளிகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் வண்டி ஓட்டி, நடுவயதில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் நிலைத்தேன். முதியவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, சென்னையில் குறைந்த வாடகைக்கு அவர்களுக்குத் தோதான ரூம் பிடித்து, ஆஸ்பத்திரிக்கோ விமான நிலையத்துக்கோ கொண்டு சேர்த்து, திரும்பவும் கூட்டி வருவதுதான் அந்த ஆபீசின் வேலை. இப்போது இதெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. விரலால் தொட்டால் ரூம், இன்னொரு தடவை தொட்டால் கார். ஸ்டாண்டில் இருக்கும் பையன்கள், "பாய், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிச் செஞ்சீக? எழுதிக் குடுங்க, படிப்போம்" என்றார்கள். சந்தோஷமாக எதையாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படி எழுத வராது.

ஆபீசை நடத்தியவரை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் சொல்வோம். அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்காரரைக் கண் வைத்தியத்துக்குச் சென்னை கூட்டிப்போன இடத்தில், லாட்ஜ் பாத்ரூமில் வழுக்கி விழுந்து அந்த மனிதருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. அதற்குப் பிறகுதான் சிஸ்டர் இந்த ஆபீசைத் தொடங்கினார். சிரித்துப் பேசும் ஆள் கிடையாது. கோபம் வந்தாலும் குரல் உயராது, "நீங்க" என்றுதான் பேசுவார். அந்த "நீங்க"வுக்குப் பயந்துகொண்டே நான் அத்தனை வருடம் ஒழுங்காக இருந்தேன்.

புதிதாக ஒரு லாட்ஜைச் சேர்க்க வேண்டுமென்றால் சிஸ்டரே சென்னைக்கு வருவார். மேனேஜர் வாடகையைச் சொல்ல வாயெடுத்தால், "அது பொறவு" என்பார். ரூமுக்குள் போய் ஜன்னல்களைச் சாத்தச் சொல்வார், லைட்டை அணைக்கச் சொல்வார். கட்டிலில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் நடப்பார். வழியில் மேஜை இடித்தால் அந்த மேஜை வெளியே போக வேண்டும். பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பார். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுந்து பார்ப்பார், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா என்று. கடைசியாகப் பாத்ரூம் கதவின் உள் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்வார். இங்கேதான் எல்லா மேனேஜர்களும் முழிப்பார்கள்.

"தாப்பா இல்லாம எப்படி மேடம்? மானம் மரியாதை இல்லையா?"

"உள்ள விழுந்து கெடக்கிறவருக்கு மானத்தை விடக் கதவு தொறக்கிறதுதான் முக்கியம். கதவு மேல துண்டு தொங்குனா ஆள் இருக்குன்னு அர்த்தம். உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, நாங்க அடுத்த லாட்ஜைப் பாத்துக்கிடுதோம்."

பல்லாவரத்தில் ஒரு மூன்று மாடி லாட்ஜ் இதற்கெல்லாம் சம்மதித்தது. லிஃப்ட் இருந்தது. கீழேயே ஒரு மெஸ்ஸும் இருந்தது, கேட்டால் காரம் குறைத்துப் போடுவார்கள். விமான நிலையத்துக்குப் பக்கம். வெளிநாடு போகிறவர்களையெல்லாம் அங்கேதான் தங்க வைப்போம்.

வெளிநாட்டுக்குப் போகும் பெரியவர்களுக்கு சிஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். கால் திடமாக இருந்தாலும், ஆங்கிலம் தெரியாதவர் என்றால் டிக்கெட்டோடு வீல்சேருக்கும் சொல்லிவிடுவோம். "வீல்சேர் காலுக்கு இல்ல, பாஷைக்கு" என்பார். தள்ளிக்கொண்டு போகிற ஆளே கவுன்டர், இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாவற்றையும் தாண்டி விமானத்தின் வாசல் வரைக்கும் கொண்டு விட்டுவிடுவார். நடுவில் விமானம் மாறும் ஊரிலும் அப்படியே. இதில் ஒரு விதி உண்டு. சிஸ்டர் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து கொண்டுவந்த விதி அது. உட்கார வைத்தவர் வந்துதான் எழுப்ப வேண்டும். அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது. கூட்டத்தில் தொலைந்துபோகும் பெரியவர்கள் எல்லாருமே, சும்மா கொஞ்சம் எழுந்து பார்க்கலாமே என்று எழுந்தவர்கள்தான் என்பது அவர் கணக்கு. அவர் சொன்னது சரி. எத்தனையோ பேரை அந்த விதிதான் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வத்திராயிருப்பு குருவம்மாள் அக்காவை மட்டும் சேர்க்கவில்லை.

எழுபது வயதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் இறந்தபின் தென்னந்தோப்பையும் வயலையும் தனியாகவே பார்த்துக்கொண்டவர். தினமும் தோப்புக்கு நடந்தே போய் வருவார். ஒரே மகன் செல்வம், கனடாவில் இருந்தான். ஊரில் யாரோடும் போன் பேசுகிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. அவன் திடீரென்று, "நீ இங்கயே வந்து எங்க கூட இரும்மா" என்று சொல்லி விசாவும் எடுத்து அனுப்பியதும், அந்தத் தெருவே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அக்கா தோப்பைக் கொழுந்தனார் பொறுப்பில் விட்டார். ஆடுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நான் வண்டியோடு போய் நின்றபோது தெரு முழுக்க ஆட்கள். ஒருத்தி ஊறுகாய் ஜாடியோடு வருகிறாள், ஒருத்தி முறுக்குச் சட்டியோடு வருகிறாள். ஒரு வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்து, அங்கே பால்கோவாப் பொட்டலங்களைக் கையில் திணித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார். "எம்மகன் கடைசியில என்னைய நெனச்சிட்டான் பாத்தியா தம்பி" என்று கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் நாலைந்து தடவை சொல்லியிருப்பார்.

பல்லாவரத்தில் வைத்து ஒத்திகை பார்த்தோம். வரவேற்பறையில் மேனேஜர் உட்காரும் உருளை நாற்காலியைக் கடன் வாங்கி, அக்காவை உட்காரவைத்து, வராந்தாவில் நான் தள்ளிக்கொண்டு போனேன். சிஸ்டர் கோடியில் ஆபீசர் மாதிரி நின்றுகொண்டு பாஸ்போர்ட் கேட்டார். பாதி தூரம் போவதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"என்னக்கா?"

"ஒரு ஆம்பளை மூச்சு வாங்கத் தள்ளுதான். நான் ராணி கணக்கா உக்காந்துக்கிட்டு வாரதா? எனக்குக் கூசுது. நீ செத்த நேரம் உக்காரு, நான் தள்ளுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து அக்காவின் தோளைப் பிடித்துத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கூச்சத்தை இங்கயே விட்டுட்டுப் போங்க. உக்கார வச்சவங்க வந்து எழுப்புற வரைக்கும் எந்திரிக்கப்படாது. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"உக்கார வச்சவுக வந்து எழுப்புற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"யாராவது வந்து வேற இடத்துக்குக் கூப்பிட்டா?"

"மாட்டேன்."

"ஒலிபெருக்கியில கூப்பிட்டா?"

"யாரு கூப்பிட்டாலும் மாட்டேன் தாயி."

மறுநாள் காலையில் விமான நிலைய வாசலில் நீலச் சீருடை போட்ட ஒரு பெண் வீல்சேரோடு வந்தாள். அக்காவை உட்காரவைத்தாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். விமானம் கிளம்பும் வரைக்கும் நான் வெளியேதான் நிற்க வேண்டும், அதுவும் சிஸ்டர் வைத்த விதி. நின்றேன். கிளம்பிவிட்டது என்று போர்டில் போட்டதும் சிஸ்டருக்குப் போன் போட்டு, "நல்லபடியா ஏறிட்டாக" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீயை வாயில் வைக்கவில்லை, போன் வந்தது. உள்ளேயிருந்து ஒரு அதிகாரி பேசினார். நாங்கள் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் என் நம்பரைப் பார்த்திருக்கிறார்.

நடந்தது இதுதான். அந்தப் பெண் அக்காவை ஒரு தூணுக்குப் பக்கத்தில் இறக்கி, அங்கே இருந்த நாற்காலியில் உட்காரவைத்து, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவசரமாக வேறொரு பயணியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அதற்குள் அவளுடைய ஷிஃப்ட் முடிந்திருக்கிறது. அடுத்து வந்தவளிடம் சொன்னாளோ, மறந்தாளோ, தெரியாது. ஒலிபெருக்கியில் அக்காவின் பெயரை நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அக்காவுக்கும் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "எம்பேரைத்தான் சொல்லுதாக" என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பதறிப்போய், "அப்ப எந்திரிச்சுப் போங்க" என்றிருக்கிறார். அக்கா எழுந்திருக்கவில்லை.

என்னை உள்ளே விட்டபோது, அவருடைய பைகளைத் திரும்ப இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அக்கா நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி.

"தம்பி, அந்தப் பொண்ணு இன்னும் வரலப்பா. அவளைக் கொஞ்சம் கூப்பிடேன்."

விமானம் போய்விட்டது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் என் சட்டை முழுக்க வேர்த்துவிட்டது. நீலச் சீருடையில் யார் கடந்து போனாலும் அன்றைக்கு அடிக்கக் கை வந்திருக்கும். நல்ல வேளை யாரும் வரவில்லை.

செல்வத்துக்குப் போன் போட்டோம். நடந்ததைக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சரி, ரெண்டு நாள் அந்த லாட்ஜ்லயே இருக்கட்டும். நான் வேற டிக்கெட் போடுறேன்" என்றான். ரூம் வாடகையை ஆபீசுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னான். அனுப்பவும் செய்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ரெண்டு நாள் ஒரு வாரமானது. வீடு மாறப் போகிறார்களாம், மாறினதும் டிக்கெட். வீடு மாறினார்கள். இப்போது அங்கே குளிர் அதிகமாம், குறைந்ததும் டிக்கெட். பிறகு வேலையில் ஏதோ நெருக்கடி. அடுத்தது எனக்கு மறந்துவிட்டது. அவன் பொண்டாட்டிதான் வேண்டாமென்று சொல்லியிருப்பாள் என்று மெஸ்காரர் சொன்னார். மருமகளைத் திட்டிவிட்டு மகன்களைத் தப்பவிடுவது நம்ம பக்கத்தில் வழக்கம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை, அவளை ஏன் திட்ட வேண்டும்? போனை எடுத்தவன் இவன், இழுத்தடித்தவன் இவன்.

சிஸ்டர் ஒருநாள் சென்னைக்கு வந்து, அக்காவின் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, நாடி பார்ப்பவர் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டரின் குரல் கம்மியதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"என் விதிதான் உங்களைக் கவுத்துருச்சு."

அக்கா தலையை ஆட்டினார். "விதி என்ன தாயி செய்யும்? ஒரு பிளேனு போனா அடுத்த பிளேனு இல்லையா? அவன் நெனச்சிருந்தா மறுநாளே டிக்கெட்டு போட்ருப்பான். வரச்சொன்ன அன்னைக்கு ஏதோ ஆசையில சொல்லிட்டான். பொறவு யோசிச்சிருப்பான். பிளேனு போனது அவனுக்குத் தோதாப் போச்சு."

அவ்வளவு தெளிவாக, கோபமே இல்லாமல் சொன்னார். நான்தான் குறுக்கே பேசினேன்.

"அப்படின்னா ஊருக்குப் போயிருவோம் அக்கா. நாளைக்கே வண்டி எடுக்கேன். வீடு இருக்கு, தோப்பு இருக்கு."

"எப்படிலே போக? ஊரே வேன் பிடிச்சு வந்து வழியனுப்பிச்சிருக்கு. போன காலோட திரும்பி வந்து நின்னா என்ன சொல்லும்? பெத்த தாயை வரச்சொல்லி நடுத்தெருவுல விட்டுட்டான்னு சொல்லும். எம்மகன் பேரு நாறிப் போகும். அவன் நாளைக்கு ஊருக்கு வந்தா எவன் முகத்துல முழிப்பான்?"

அதுதான் அவர் கவலை. இருக்க ஓர் இடம் இல்லையே என்பது இல்லை, மகன் ஏமாற்றிவிட்டான் என்பதுகூட இல்லை. அவன் பெயர் கெட்டுவிடக் கூடாது. சிஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. கடைசியில் எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். தான் உயிரோடு இருக்கும்வரை எவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று. சிஸ்டர் சாமி படத்தின் மேல் செய்தார், நான் அல்லாவின் பேரால் செய்தேன்.

அன்றிலிருந்து பல்லாவரம் லாட்ஜே கனடா ஆனது. அக்கா வத்திராயிருப்பில் கொழுந்தனார் வீட்டுக்கு எப்போதாவது ஒரு போன் போடுவார், நம்பர் காட்டாத பழைய போன் அது. "போய்ச் சேந்துட்டேன். இங்கன குளிரு. போன்ல நிறையப் பேச முடியல, காசு போகுமாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த லாட்ஜுக்கு மகன், மகள் வீடுகளுக்குப் போய்விட்டுத் திரும்பும் பெரியவர்களும் வருவார்கள் அல்லவா? அவர்களைப் பிடித்துக்கொள்வார். அங்கே வீட்டுக்குள்ளும் செருப்பு போடுவார்களா? பனி கொட்டினால் யார் வாருவது? காய் எங்கே வாங்குவது? தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை கேட்கிற அதே கவனத்தோடு கேட்டு மனதில் வைத்துக்கொண்டார். கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி அவருக்குத் தங்கள் செல்போனில் பனி விழுவதைக் காட்டினார்கள். "பஞ்சு மில்லு மாதிரில்லா இருக்கு" என்றார். அடுத்த தடவை போனில் அதை அப்படியே ஊருக்குச் சொன்னார்.

நான் சென்னை போகும்போதெல்லாம் அவரைப் போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரி கொடுத்துவிடும் கருவாட்டுத் தொக்கை மட்டும் ஆசையாக வாங்கிக்கொள்வார். ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டே, "செல்வத்துக்கு இது உசிரு. அவன் நாக்கே செத்துப் போயிருக்கும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கடைசியில் செல்வம் சிஸ்டருக்குப் போன் செய்து, "இந்த வருஷம் தோதுப்படாது போல. அம்மாவை ஊர்லயே கொண்டு விட்ருங்க" என்றான். அவ்வளவுதான். அவன் அம்மாவிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. சிஸ்டர்தான் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, "அப்ப நான் கனடாவுல இருந்து கெளம்ப வேண்டியதுதான்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தோம். அந்தக் குளிரை உடம்பு தாங்கவில்லை, மகன் எவ்வளவோ கெஞ்சியும் திரும்பி வருகிறேன் என்று ஊருக்குச் சொன்னார். சென்னைக் கடை ஒன்றில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கினேன். ஒரு கம்பளி ஸ்வெட்டரும் வாங்கினேன். சென்னையிலிருந்து மதுரைக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் முந்தின நாளே ரோட்டு வழியாகக் கிளம்பி வந்து மதுரை விமான நிலையத்தில் காத்திருந்தேன். வத்திராயிருப்பிலிருந்து மறுபடியும் வேன் வந்திருந்தது. கொழுந்தனார் மாலை வைத்திருந்தார். அந்த வெயிலில் அக்கா ஸ்வெட்டரோடு, வீல்சேர் எதுவும் இல்லாமல், தானே பையை இழுத்துக்கொண்டு நடந்து வந்தார்.

"மகன் எப்படி வச்சிருந்தான் மதினி?" என்று கேட்டார் கொழுந்தனார்.

"எப்படி வச்சிருந்தானா? தரையில கால் வைக்க விடல. ராத்திரி வேலை முடிஞ்சு வந்து எங்காலைப் பிடிச்சு விட்டுட்டுத்தான் தூங்குவான். நான் கெளம்புதேன்னதும் சின்னப்பிள்ளை கணக்கா அழுதான்."

கூட்டத்தில் இரண்டு மூன்று கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பெட்டிகளை வண்டியில் ஏற்றினேன். வேறு என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு அக்கா வத்திராயிருப்பில் சில வருடங்கள் இருந்தார். அந்தக் கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. கல்யாண வீடு, சடங்கு வீடு என்று எங்கே போனாலும் அவரை உட்காரவைத்துக் கேட்பார்கள். பக்கத்துத் தெருக்களில் மற்றப் பிள்ளைகளுக்குத் திட்டு விழும். "ஒரு செல்வத்தைப் பாருலே, தாயை எப்படித் தாங்குதான்" என்று. உள்ளூரிலேயே இருந்து தாய்க்குக் கஞ்சி ஊற்றி, பேன் பார்த்து, மூத்திரத் துணி அலசிய மகன்களும் அந்தத் திட்டை வாங்கினார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது.

ஒரு நாள் காலையில் தோப்பிலேயே அக்காவுக்கு மூச்சடைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சிஸ்டர் அப்போது படுத்த படுக்கை, வர முடியவில்லை. செல்வம் வரும் வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மதுரையில் இறங்கிய அவனைக் கூட்டிவர நான்தான் வண்டி எடுத்துப் போனேன். வழியெல்லாம் செல்போனிலேயே இருந்தான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் பெண்கள் அவனைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அதில் ஒரு கிழவி, "காலைப் பிடிச்சு விட்ட மகன் வந்துட்டான், எந்திரிச்சுப் பாரு குருவம்மா, கனடா ராசா வந்துட்டான்" என்று மாரில் அடித்துக்கொண்டார். செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொழுந்தனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா சாகுற வரைக்கும் உன் வீட்ல இருந்ததைத்தானப்பா சொல்லிக்கிட்டு இருந்தாக. நீ தாங்குன தாங்கலை எவன் தாங்குவான்?" என்றார்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. இப்போதாவது வெடித்து அழுவான், "எங்கம்மா எங்கிட்ட வரவேயில்லை" என்று கத்துவான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் அந்த நிமிஷமே அவனை மன்னித்திருப்பேன்.

"ஆமா சித்தப்பா," என்றான் செல்வம். "ரெண்டு சாக்ஸ் போட்டு விட்டாலும் குளிருதுன்னுதான் சொல்லும்."

கூட்டம் மறுபடியும் அழுதது. நான் தெருக்கோடிக்குப் போய் நின்றுகொண்டேன். அக்கா உயிரோடு இல்லை, சத்தியத்தின் கெடு முடிந்துவிட்டது, சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தப் பெயருக்காக அந்த மனுஷி லாட்ஜில் கிடந்தாரோ, அதை அவர் பிணத்துக்கு முன்னாலேயே எப்படிக் கிழிப்பது? வாயை மூடிக்கொண்டேன்.

காரியம் முடிந்து செல்வத்தைத் திரும்ப மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டு விட்டது நான் ஓட்டிய கடைசி சவாரி. இந்தத் தடவை அவன் முன் சீட்டில் ஏறினான். செல்போனைப் பையில் போட்டுவிட்டான். அழகாபுரி தாண்டியது. பிறகு மெதுவாக, "பாய், எங்கம்மா ஊர்ல என்னெல்லாம் சொல்லிச்சு?" என்று கேட்டான்.

கேட்ட விதத்தில் எனக்கு மனசு இளகிவிட்டது. தாயைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான், பாவம் என்று நினைத்தேன். ராத்திரி காலைப் பிடித்துவிட்டதைச் சொன்னேன். கிளம்பும்போது அழுததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையானால் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போனது, காய்ச்சல் வந்தபோது லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது என்று, அவன் செய்யாத ஒவ்வொன்றையும் அவனிடமே சொல்லிக்கொண்டு வந்தேன். கவனமாகக் கேட்டான். நடுநடுவே, "கோயிலுக்கு எந்தக் கிழமைன்னு சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டான். டி.கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது.

"இல்ல பாய், சித்தப்பா வீட்ல இனிமே அடிக்கடி போன் பண்ணுவாங்க போலிருக்கு. கேட்டா நான் ஒண்ணு சொல்ல, அம்மா ஒண்ணு சொல்லியிருந்தா நல்லாருக்காதுல்ல?"

திருமங்கலம் வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். விமான நிலையத்தில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் குனிந்தான்.

"வேற ஏதாவது சொல்லிச்சா?"

பல்லாவரம் லாட்ஜில் அவன் தாய் கருவாட்டுத் தொக்கைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னது என் நாக்கு நுனிவரை வந்தது.

"அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.